காடிக்குள் விடாத இடம்

ஜூலை 23, செவ்வாய்

இரண்டு நாளாகச் சந்தகை நினைப்பாகவே இருக்கிறது. இடியாப்பம் போல இழை இழையாகப் பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றி, ஏலக்காய் தட்டிப் போட்டு.

ஜூலை 25, வியாழன்

காலையில் சந்தகை. தேங்காய்ப்பால். ஏலக்காய்கூட மறக்கப்படவில்லை.

எனக்குச் சந்தகை பிடிக்காது. போன வாரம் கொள்ளுப் பருப்பைப் பற்றி இங்கே நாலு வரி எழுதினேன். மறுநாள் தட்டில் கொள்ளுப் பருப்பு இருந்தது. தற்செயலாக இருக்கும் என்று விட்டேன். ஆனால் சந்தகை ஆசையை நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்த நோட்டில் மட்டும்தான் எழுதினேன், அதுவும் பொய்யாக.

ஆக, இதைப் படித்துக்கொண்டிருக்கும் அன்பருக்கு வணக்கம். எழுத்துப்பிழை ஏதும் இருந்தால் பென்சிலால் குறித்து வையுங்கள்.

அன்பர் யார் என்பதில் பெரிய மர்மம் இல்லை. இந்த வீட்டில் நான், அப்பா, அண்ணி ஜமுனா என்று மூன்றே பேர். அண்ணனுக்கு ஓசூரில் வேலை. மாதத்தில் இரண்டு ஞாயிறு விருந்தாளி. அப்பா என்னோடு பேசிப் பதினான்கு மாதம் ஆகிறது. கல்யாணத்துக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது வேண்டாம் என்றேன். "காரணத்தச் சொல்லு" என்று மூன்று நாள் கேட்டார். சொல்லவில்லை. நான்காம் நாளிலிருந்து பேச்சை நிறுத்திக்கொண்டார். சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்துகொண்டு, "அவளுக்கு ரசம் வேணுமான்னு கேளும்மா" என்று அண்ணியிடம் சொல்வார். என் குரலையே கேட்க விரும்பாத மனிதர் என் கையெழுத்தையா படிக்கப்போகிறார்? மிச்சம் இருப்பது சமையலறையை ஆள்பவர்.

"இன்னைக்கு என்ன விசேஷம், சந்தகை?" என்று அண்ணியைக் கேட்டேன்.

"மாமாதாங்க தேங்கா வாங்கியாந்து பண்ணச் சொன்னாரு" என்றார், கண்ணைக்கூட இமைக்காமல்.

பழியை யார் மேல் போட்டால் நான் போய் விசாரிக்க முடியாது என்று யோசித்து வைத்திருக்கிறார். அந்த அளவுக்கு மூளை உண்டு.

ஜூலை 27, சனி

என் அறையில் சுவரலமாரி ஒன்று இருக்கிறது. கதவு கிடையாது, திரைதான். அதற்கு ஒரு கதவு செய்து பூட்டுப் போடப்போகிறேன். இரும்புப் பெட்டி வாங்கலாம். அது வீட்டுக்குள் பகிரங்கமாகக் குற்றம் சாட்டுவது போல. கையால் செய்த கதவு என்றால் பொழுதுபோக்கு. நோட்டைத் தினமும் கல்லூரி நூலகத்துக்குத் தூக்கிக்கொண்டும் போகலாம். அங்கே என் வேலையே ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்கு இடம் ஒதுக்குவதுதான். ஆனால் என் வீட்டில் என் ஒரு நோட்டுக்கு இடமில்லை என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை.

இந்த வீட்டிலேயே மரம் தெரிந்தவர் ஒருவர் உண்டு. முப்பத்தொரு வருடம் ஃபவுண்டரியில் பம்புகளுக்கு மர அச்சு செய்தவர். அவர் என்னோடு பேசுவதில்லை. ஆகவே பீளமேட்டில் ஒரு பொழுதுபோக்குப் பட்டறையில் சேர்ந்தேன்.

பழைய லேத் பட்டறை. நடத்துகிறவர் கிருபாகரன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு மரத்திடம் வந்துவிட்டாராம். மரத்துக்கு இது தெரியுமா என்று தெரியவில்லை. தோலில் தைத்த ஏப்ரன் கட்டியிருக்கிறார், அதில் ஒரு கறைகூட இல்லை. "நண்பர்களே" என்று ஆரம்பிக்காமல் அவரால் இருமக்கூட முடியாது. வாட்ஸாப் குழுவின் பெயர் 'மரமும் மனமும்'. அதில் தினமும் காலை ஆறு மணிக்கு, மரம் நமக்குக் கற்றுத்தருவது என்ன என்று ஒரு செய்தி வரும். இன்றைக்குப் பொறுமை.

பக்கத்து மேசை டாக்டர் வசுமதி, பல் டாக்டர். ஐம்பது வயது இருக்கும். உளிகளை வெல்வெட் துணியில் சுருட்டி வைத்திருக்கிறார். நான் ரம்பம் போட்டதைப் பார்த்து, "அம்மணி, இப்படி அறுத்தா மயக்க ஊசி போட்டாலும் தாங்காது" என்றார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கதவு என்றால் ஒரே பலகையை வெட்டி மாட்டிவிடுவது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். நாலு சட்டம் செய்து ஒரு சதுரமாகக் கோக்க வேண்டும். சட்டத்தின் உள்விளிம்பில் நீளமாக ஒரு காடி, அதாவது பள்ளம், எடுக்க வேண்டும். நடுப்பலகை அந்தக் காடிக்குள் நிற்கும். சட்டங்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்வதற்கு, ஒன்றின் முனையில் நாக்கு போலச் செதுக்கி மற்றதின் துளைக்குள் செருக வேண்டும்.

இரண்டு வாரத்தில் நான் செதுக்கிய நாக்குகள் ஏழு. துளைக்குள் போனவை இரண்டு. அதில் ஒன்று தொளதொளவென்று ஆடியது.

டாக்டர் அதை எடுத்து ஆட்டிப் பார்த்து, "இது பால் பல்லு. உழுந்து மொளைக்கட்டும்" என்றார். பட்டறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அன்பரே, நேற்று இரவு நோட்டைத் தலைகீழாக வைத்தேன். மாலையில் வந்து பார்த்தால் நேராக இருக்கிறது. ஒழுங்கு பிடித்தவர். ரகசியமாகப் படிக்கிறவர் திருட்டையாவது திருத்தமாகச் செய்ய வேண்டாமா? பன்னிரண்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவருக்கு இந்த வீட்டில் கிடைத்த ஒரே வாசிப்பு நான்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஆகஸ்ட் 19, திங்கள்

அப்பா அண்ணிக்கு மைசூர்பாகு அரைக்கிலோ வாங்கி வந்தார். பிறந்தநாள் இல்லை, பண்டிகை இல்லை. "உனக்குப் புடிக்குமில்லம்மா, தின்னு" என்றார். முகம் மட்டும் ஏதோ தப்புச் செய்தவர் போல இருந்தது.

உளவுக்கு இனிப்பில் சம்பளம் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 31, சனி

நாலு சட்டமும் பசையில்லாமலே கூடிவிட்டன. மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன். நாலு மூலையும் சரி. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாளிடம் சொல்லவிருந்தேன். அவர் தூங்கிவிட்டார்.

இன்று கிருபாகரனின் சொற்பொழிவு.

"நண்பர்களே, பலகைய காடிக்குள்ள டைட்டா ஏத்தாதீங்க. ரெண்டு பக்கமும் மூணு மூணு மில்லி இடம் விடுங்க. பசை சட்டத்துக்கு மட்டும்தான், பலகைக்கு ஒரு சொட்டுக்கூட வேண்டாம். இப்ப காத்து காய்ச்சலா அடிக்குது. ஐப்பசியில ஈரம் குடிச்சுப் பலகை அகலமாகும். மரம் மூச்சு விடுது நண்பர்களே, அதுக்கு இடம் வேணும்."

அறுத்து, உலர்த்தி, இழைத்துப் போட்ட மாமரம் மூச்சு விடுகிறதாம். நாளைக் காலை ஆறு மணிக்கு இதுவே குழுவில் வரும், உறவுகளுக்கும் இடைவெளி வேண்டும் என்ற உபதேசத்தோடு. சூரியோதயப் படமும் இருக்கும்.

செப்டம்பர் 1, ஞாயிறு

சூரியோதயப் படம் இல்லை. ஆலமரப் படம். மற்றபடி நான் எழுதியதேதான்.

டாக்டர் தன் கதவைக் கூட்டி முடித்துவிட்டார். தூக்கி ஆட்டிக் காட்டினார். நடுப்பலகை கடகடவென்று ஆடியது.

"ஆடுதே டாக்டர்" என்றேன்.

"ஆடற பல்லப் புடுங்கோணும், ஆடற பலகைய உட்டுரோணும் அம்மணி."

எனக்குக் கடகடக்கும் கதவு வேண்டாம். ஆடுகிற பலகைக்குப் பின்னால் எதை ஒளிப்பது?

செப்டம்பர் 7, சனி

செய்துவிட்டேன். கிருபாகரன் வாசலில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார், மரத்தூள் வெயிலில் பறப்பதை. நான் என் பலகையைக் காடியின் அடிவரை முட்டும்படி இழைத்து, காடி முழுவதும் பசை ஊற்றி, கொட்டாப்புளியால் நாலு அடி கொடுத்து ஏற்றி, கிளாம்ப் போட்டு இறுக்கினேன். மூன்று மில்லி என்ன, மூன்று மயிரிழைகூட விடவில்லை. ஒரே கல் போல இருக்கிறது. தட்டினால் திண்ணென்று சத்தம்.

டாக்டர் மட்டும் பார்த்துவிட்டார். கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு, "ஒட்டிப்போட்டயா?" என்றார்.

"ஆமா."

"செரி. வலிக்கும்போது வா."

அன்பரே, இன்னும் ஒரு வாரம்தான். வேகமாகப் படித்து முடியுங்கள்.

செப்டம்பர் 9, திங்கள்

அப்பா என் அறை வாசலில் வந்து நின்றார். பதினாறு மாதத்தில் முதல் முறை. சுவரலமாரியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். நான் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை. போய்விட்டார்.

செப்டம்பர் 11, புதன்

இரவுச் சாப்பாட்டின்போது அப்பா அண்ணியைப் பார்த்து, வழக்கத்தைவிட உரக்க: "இந்தத் தடவ ஐப்பசி மழ கெட்டியா இருக்கும்ங்கறாங்கம்மா. மரச்சாமானெல்லாம் இப்பவே பாத்துச் செரி பண்ணிக்கோணும். அப்பறம் ஒண்ணும் பண்ண முடியாது."

"நம்மகிட்ட ஒரு முக்காலிதானுங்க மாமா இருக்குது" என்றார் அண்ணி.

அப்பா மறுபடி சோறு போட்டுக்கொண்டார். தட்டில் ஏற்கெனவே சோறு இருந்தது. வயதாகிறது.

செப்டம்பர் 14, சனி

கதவு மாட்டியாகிவிட்டது. கீல்கள் உள்பக்கம், வெளியிலிருந்து கழற்ற முடியாது. பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று கழுத்துச் சங்கிலியில், இன்னொன்று நூலகத்தில் என் மேசை இழுப்பறையில். மாட்டும்போது அப்பா இரண்டு முறை வாசல்வரை வந்து, இரண்டு முறையும் தண்ணீர் குடிக்கப் போனார்.

அண்ணி வந்து கதவைத் தடவிப் பார்த்து, "நெஜமாலுமே நீங்களே பண்ணுனதுங்களா? எவ்வளவு அழகா இருக்குது!" என்றார். நடிப்பு என்றால் இது நடிப்பு.

செப்டம்பர் 15, ஞாயிறு

இனி யாரும் இதைப் படிக்க மாட்டார்கள். அதனால் எழுதலாம்.

மாப்பிள்ளை வீட்டார், பொள்ளாச்சிக்காரர்கள், நல்லவர்கள். அவனும் பார்க்க நன்றாகவே இருந்தான், நன்றாகப் பேசினான். நிச்சயம் முடிந்து ஒரு மாதம் கழித்து என் ஃபோனின் லாக் நம்பரைக் கேட்டான். எதற்கு என்றேன். "நமக்குள்ள என்ன மறைவு?" என்றான். நான் நோட்டு எழுதுவேன் என்று எப்போதோ சொல்லியிருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் எல்லா நோட்டையும் கொண்டு வந்து கொடுக்கச் சொன்னான். படித்தால்தான் உன்னைப் புரிந்துகொள்ள முடியும், ஆசையாகத்தான் கேட்கிறேன் என்றான். மிரட்டவில்லை, கோபப்படவில்லை. வாரத்துக்கு இருமுறை, சிரித்த முகத்தோடு, கேட்டுக்கொண்டே இருந்தான்.

இதை எப்படி ஒரு சபையில் சொல்வது? அடித்தானா, குடித்தானா, வரதட்சணை கேட்டானா என்பார்கள். நோட்டைக் கேட்டான் என்றால் சிரிப்பார்கள். அப்பாவும் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். கல்யாண மண்டபத்துக்காரரிடமும் பத்திரிகை வாங்கிய வீடுகளிலும் போய்த் தலைகுனிந்து நின்றவர் அவர். அவருக்கு ஒரு காரணம் பாக்கி வைத்திருக்கிறேன். தெரியும்.

அவர் பேசாமலிருப்பது எனக்கு நிம்மதி என்று இந்த நோட்டில் பல இடத்தில் எழுதியிருக்கிறேன். அது படிப்பவருக்காக எழுதியது.

அக்டோபர் 5, சனி

எழுத ஒன்றுமில்லை. காலையில் என்ன பலகாரம் என்று ஊகிக்கக்கூட முடியவில்லை; மூன்று வாரமாகத் தினமும் இட்லி.

அக்டோபர் 13, ஞாயிறு

நேற்றிலிருந்து மழை. துணி காயவில்லை. கதவு இன்று கொஞ்சம் முரண்டு பிடித்தது.

அக்டோபர் 27, ஞாயிறு

பதினான்கு நாள் இந்த நோட்டு அலமாரிக்குள்ளும் நான் வெளியிலுமாக இருந்தோம்.

பதினான்காம் தேதி சாவி திரும்பியது, கதவு திரும்பவில்லை. இழுத்தேன். சுவரில் காலை ஊன்றி இழுத்தேன். தலை காயவைக்கும் மெஷினை வைத்து ஊதினேன். தோசைத் திருப்பியை விட்டு நெம்பினேன். தோசைத் திருப்பி வளைந்தது. வெளியே மழை விடவே இல்லை. பட்டறையில் சொல்லலாம்தான். கிருபாகரன் என் கதவை வைத்து ஒரு காலைச் செய்தி எழுதுவார் என்பதால் சொல்லவில்லை.

இன்று மாலை உடைத்துவிடுவது என்று உளியும் கொட்டாப்புளியுமாக நின்றேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"நவுரு பாப்பா."

நான் நகர்ந்தேன். பதினேழு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் சொல்லுக்கு என் கால் யோசிக்காமல் நகர்ந்தது.

அப்பா பலகையில் உள்ளங்கையை வைத்தார். சட்டம் கூடும் மூலையைக் கட்டை விரலால் தடவினார். "சந்து உட்டுருச்சு பாரு. பலக வீங்கிச் சட்டத்தத் தள்ளிட்டு நிக்குது. ஒட்டாதீன்னு அந்தத் தம்பி அத்தன தடவ சொன்னானல்ல? அந்தப் பல் டாக்டரம்மா சொன்னதையாச்சும் கேட்டிருக்கோணும். ஆடற பலகைய உட்டுரோணும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குத் தான் சொன்னது கேட்டது. கை பலகையிலேயே இருந்தது.

பட்டறையைப் பற்றி நான் வீட்டில் வாயைத் திறந்ததே இல்லை.

"பல் டாக்டர உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

அப்பாவின் கட்டை விரல் மறுபடி மூலையைத் தடவியது.

"சந்தகையும் நீங்கதானா?"

"மாவாட்டுனது ஜமுனா. நாஞ் சொன்னன், பண்ணுனா. அவளுக்கு ஒண்ணுந் தெரியாது."

"கதவு சிக்கும்னு எப்பத் தெரியும்?"

"நீ எழுதுன அன்னைக்கே."

"சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்லறது? படிச்சேன்னு ஆயிருமில்ல."

முப்பத்தொரு வருடம் மரத்தோடு வாழ்ந்தவர், மகளின் கதவு கெடப்போகிறது என்று தெரிந்தும், சோற்று மேசையில் அண்ணியிடம் மழையைப் பற்றிப் பேசியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. "அதெல்லாம் படிக்கறதுக்குப் பதிலா வாயால கேட்டிருக்கலாம்ப்பா."

"கேட்டனே. மூணு நாளு."

"நாலாவது நாளும் கேட்டிருக்கணும்."

அப்பா கையைப் பலகையிலிருந்து எடுத்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார். "செரி. இன்னைக்கு நாலாவது நாளுன்னு வெச்சுக்க. ஏன் வேண்டாம்ன?"

கதவுக்குப் பின்னால் அது ஒன்றரைப் பக்கமாக எழுதிக் கிடந்தது. வாயால் சொன்னபோது இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. ஃபோன் நம்பரைக் கேட்டான். எல்லா நோட்டையும் படிக்கக் கேட்டான், ஆசையாகத்தான் என்று சொன்னான்.

அவர் சிரிக்கவில்லை. "இதுக்கா" என்றும் கேட்கவில்லை. பூட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"அவனாச்சும் உங்கிட்டக் கேட்டான்" என்றார். பிறகு, "நான் கேக்கக்கூட இல்ல."

போய்விட்டார். கதவை அவரே திறந்து கொடுத்திருக்க முடியும், அதற்காகத்தான் வந்தார். திறக்காமல் போனார். பலகையை நடுவில் பிளந்து நானே நோட்டை எடுத்தேன். அரை மணி நேரம் பிடித்தது. ஒட்டினது அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தது.

அக்டோபர் 28, திங்கள்

அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னேன். மூன்று மாதமாக அவர்தான் படிக்கிறார் என்று நினைத்து மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன் என்பதையும்.

"நானுங்களா?" என்று வாய்விட்டுச் சிரித்தார். "உங்க கையெழுத்து எனக்கு வெளங்கவே வெளங்காதுங்க. போன தடவ மளிகச் சீட்டுல நீங்க எழுதுன சீரகத்தச் சீயக்கான்னு வாங்கிட்டு வந்தேனே, மறந்துட்டீங்களா?"

"மூணு மாசமா உங்க மேல கோவமா இருந்தேன் அண்ணி."

"அப்படீங்களா? எனக்கு வித்தியாசமே தெரியலீங்க."

அறைக்கு வந்தேன். ஆகஸ்ட் 18-ஆம் தேதி எழுதியதைப் படித்தேன். கிழிக்கலாம் என்று தோன்றியது. கிழிக்கவில்லை, எழுதினவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

நவம்பர் 23, சனி

புதுப் பலகை. ஏறிக்கொண்டது. காடிக்குள் இரண்டு பக்கமும் மூன்று மில்லி விட்டேன். பலகைக்கு ஒரு சொட்டுப் பசை இல்லை. கிருபாகரன் வீடியோ எடுத்தார். "நண்பர்களே, தோல்விதான்..." என்று ஆரம்பித்தார், நான் இழைப்புளியை எடுத்து உரக்க இழைக்க ஆரம்பித்தேன்.

"ஆடுதா அம்மணி?" என்றார் டாக்டர்.

"ஆடுது டாக்டர்."

"வாயக் கொப்புளிச்சுட்டு வீட்டுக்குப் போ."

நவம்பர் 24, ஞாயிறு

கதவை மாட்டினேன். பூட்டும் போட்டேன். மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அப்பாவும் கேட்கவில்லை. பலகை கடகடக்கிறது. கூடத்திலிருந்து கேட்டால்கூட யாரோ என் அலமாரியைத் தொடுகிறார்கள் என்று தெரியும். இதைவிட நல்ல பூட்டைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

காலையில் அப்பா மார்க்கெட் பையோடு வாசலில் நின்றார். உள்ளே காலை வைக்கவில்லை. அண்ணியையும் கூப்பிடவில்லை.

"என்ன வாங்கியாரட்டும்?"

யோசித்துப் பார்த்தேன். எனக்கு என்ன பிடிக்கும் என்று இவரிடம் இதுவரை சொன்னதே இல்லை.

"பச்ச மொச்ச. தேங்கா வேண்டாம், எனக்குச் சந்தகை புடிக்காது."

"அது எனக்குத் தெரியும்" என்றார். பிறகு பையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "எனக்குச் சந்தகைன்னா உசுரு. அன்னைக்கு நான்தான் ரெண்டாந்தரம் வாங்கித் தின்னன்."

எனக்கு அது தெரியாது.